ரெஜினாவின் சொந்த வெள்ளம்

நேர்முகத் தேர்வில் இப்போதெல்லாம் யாரும் அனுபவத்தை வாயால் சொல்வதில்லை. தலையில் பட்டையை மாட்டினால் நினைவே திரையில் ஓடும். துறைமுக மீட்புப் பிரிவு வேலைக்கு ரெஜினா தயாரானபோது கணவன் சேவியர் நச்சரித்தான்.

"தீப்பிடிச்ச கப்பல்ல ஆளைக் காப்பாத்தின நினைவு கடையில விக்கிறான். எல்லாரும் அதைத்தான் வாங்கித் தலையில ஏத்திக்கிட்டுப் போறாங்க. உன்கிட்ட என்ன இருக்கு?"

"வெள்ளத்துல பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவைக் கரையேத்தினது இருக்கே."

"அதுல நீ ஓன்னு அழுவுறியே!"

"அழுதது நான்தானே. அப்படியே பார்க்கட்டும்."

தேர்வறையில் அதிகாரிகள் அலுத்துப்போய் இருந்தார்கள். காலையிலிருந்து அவர்கள் திரையில் ஒரே கப்பல்தான் திரும்பத் திரும்ப எரிந்தது. ரெஜினாவின் முறை வந்ததும் சேற்றுத் தண்ணீர் புரண்டது. கழுத்தளவு நீரில், கேவி அழுதபடியே, அவள் மும்தாஜை இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ரொம்பப் பயந்திருக்கீங்களேம்மா?" என்றார் தலைமை அதிகாரி.

"உயிரே போயிடுச்சு சார். ஆனா அவங்க கையை மட்டும் விடலை."

அவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். "நாளைக்கே சேர்ந்துடுங்க."

வெளியே வந்த ரெஜினா, படிக்கட்டில் நின்ற சேவியரைப் பார்த்து விரலை மடித்து வாயில் வைத்து விசிலடித்தாள். துறைமுகமே திரும்பிப் பார்த்தது.