ஒற்றைத் தும்மல்

நான் ஒரே ஒரு முறைதான் தும்மினேன்.

ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்த தாணம்மாள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒத்தத் தும்மலாக்கும், மக்கா. இன்னைக்கு எனக்கு ஒண்ணும் செய்யண்டாம். நான் திருவட்டாறுக்குப் போறேன்."

அவளுடைய வலது கன்னத்துக்குள் நெல்லிக்காய் அளவில் புற்று. இருபது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் அடக்கிவைத்த இடம். இப்போது வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போனால் திரும்ப வரமாட்டாள். போன வாரம் போன குமாரதாஸ் வந்தாரா என்ன?

அவருக்கும் கன்னத்தில்தான். வாய்க்குள் கத்தி வேலை செய்ய வேண்டியிருப்பதால், மூச்சுக் குழாயை மூக்கு வழியாகத்தான் இறக்க வேண்டும். மயக்கம் கொடுக்கும் டாக்டர் ஜெயசிங் தடித்த ரப்பர் குழாயை உள்ளே விட்டதும் ரத்தம் கொட்டியது. ஆபரேஷனை நிறுத்தினோம். கண் விழித்த குமாரதாஸ் தன் சட்டையெல்லாம் ரத்தமாக இருப்பதைப் பார்த்தார். சாயங்காலம் கட்டில் காலி.

டாக்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை ரத்தம் வந்தால் மூக்குப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அப்போது நர்ஸாகிய நான்தான் வாயைத் திறந்தேன். சிறுநீர் எடுக்கிற மெல்லிய சிவப்புக் குழாய் முதலில் போகட்டும். அதன் வாலில் தடித்த குழாயின் முனையைச் செருகி, தொண்டை வரை இழுத்துக்கொள்ளலாம் என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இவ்வளவும் கூடி வந்த நேரத்தில்தான் என் பாழாய்ப்போன தும்மல்.

நான் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். சகுனம் பார்த்தேன் என்று தெரிந்தால் உபதேசியார் ஒரு பிரசங்கம் முழுக்க என்னையே வறுத்தெடுப்பார். ஆனால் தாணம்மாளின் ஒரு கால் தரையைத் தொட்டுவிட்டது.

திரும்பி நின்று, பஞ்சுத் திரியை மூக்கில் விட்டேன். தொட்டதுமே வந்தது. அறையே அதிர்ந்தது.

"ரெட்டையாச்சா? அப்போ செரி" என்று தாணம்மாள் படுத்துக்கொண்டாள்.

ஈதர் மயக்கத்தில் அவள் உறங்கியதும் டாக்டர் சிவப்புக் குழாயை எடுத்தார். அதன் முனையை மேல் நோக்கிப் பிடித்தார்.

"மேல நோக்கித் தள்ளண்டாம், டாக்டர். மூக்கின் தரையோட படுக்கவச்சு விடுங்க" என்றேன் மெதுவாக.

விட்டார். சிவப்பு முனை தொண்டையில் தெரிந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். கன்றின் பின்னால் பசு வருவதுபோல் தடித்த குழாயும் சாதுவாக வந்து சேர்ந்தது. மூக்கைத் துடைத்த துணியை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வெள்ளை வெளேரென்று இருந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. பெரிய டாக்டர் கத்தியை எடுத்தார். மத்தியானத்துக்குள் புற்று கிண்ணத்தில் கிடந்தது.

கை கழுவும்போது டாக்டர் ஜெயசிங் கேட்டார், தரையோடு விட வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று. ஏதோ பழைய பத்திரிகை என்றேன். சளி தீரும் வரை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

எனக்குச் சளி இல்லை.

மூன்று நாளாக, நர்ஸ்கள் அறைக் கதவைத் தாழிட்டு, கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து, அந்தச் சிவப்புக் குழாய்க்கு ஜோடியான இன்னொன்றை என் மூக்கில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் நோக்கித் தள்ளினால் ரத்தம் வரும் என்பதை வலது மூக்கில் தெரிந்துகொண்டேன்.

இடது மூக்கில் தெரிந்துகொண்டதைத்தான் தாணம்மாளுக்குச் செய்தோம்.