இரண்டாவது சூடு

“சத்தியமா நான் ஒரு தடவைக்கு மேல சூடு வைக்கலை அண்ணி. நீங்களே நம்பலைன்னா வேற யார் நம்புவாங்க?”

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். அண்ணி பூதக்கண்ணாடிக்கு அடியில் இருந்த போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லிஃப்ட்டை ஏற்றி இறக்கும் எலக்ட்ரானிக் போர்டு. இந்த மாதம் மட்டும் இருபத்திரண்டு பழுதாகித் திரும்பி வந்திருந்தன. ஒரு கட்டடத்தில் மாமியாரும் மருமகளும் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார்களாம். சிரித்துப் பேசிக்கொண்டு ஏறியவர்கள், இறங்கும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லையாம்.

இருபத்திரண்டும் நாத்தனார் கையால் கம்பியை உருக்கிப் பற்றவைத்தவை. பக்கத்து மேஜைக்காரிகளின் போர்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கம்பெனியில் தரம் பார்ப்பது அவள் வேலை. கணவனின் தங்கையை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவள்தான். நாலு மணிக்குள் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நாத்தனாருக்கு வேலை போய்விடும். அவள் வீட்டில் மூன்று பேருக்கு அந்தச் சம்பளம்தான் கதி. அப்புறம் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பது?

மணி மூன்றரை ஆகியிருந்தது.

எல்லாம் இந்தப் புதுக் கம்பி வந்த வேளை. ஈயம் உடம்புக்கு ஆகாது, ஈயம் இல்லாத கம்பியில்தான் பற்றவைக்க வேண்டும் என்று போர்டு வாங்குகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தக் கம்பி லேசில் உருகித் தொலையாது. உருகி ஆறினாலும் பழசைப் போலப் பளபளக்காது, சாம்பல் பூத்த மாதிரி மங்கிப்போகும்.

“மங்கலா இருந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தேன்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. அதோட குணமே அப்படித்தான். பளபளப்பு வரட்டும்னு மறுபடி சூடு வச்சா, அடியில இருக்கிற செம்பு பெயர்ந்துடும்.”

“பெயர்ந்திருக்கே. இருபத்திரண்டுலயும் பெயர்ந்திருக்கே. போர்டு தானா எழுந்திரிச்சு சூடு வச்சுக்குச்சா?”

நாத்தனார் அழுதேவிட்டாள். அண்ணிக்கு அவளை நாலு அறை விடுவதா, கட்டிக்கொண்டு தானும் அழுவதா என்று தெரியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். நேற்று முழுக்க நாத்தனார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாயிற்று. ஒரு குறை சொல்ல முடியாது. சாப்பிடக்கூட இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள். ஆனாலும் இன்று காலையில் பார்த்தால், நேற்றைய போர்டிலும் செம்பு பெயர்ந்திருக்கிறது.

அப்படியென்றால் வேறு யாரோ கை வைக்கிறார்கள்.

“உனக்கு இங்க யாரோடயாவது சண்டையா?”

“எனக்கு உங்களோட மட்டும்தான் அண்ணி சண்டை.”

சிரிப்பு வரவேண்டிய நேரமா அது? அண்ணிக்கு ஒரு நொடி வந்துவிட்டது. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு முதலாளி உள்ளே வந்தார்.

“என்னம்மா, அறிக்கை எங்கே? நாத்தனார்னு பார்த்துக்கிட்டிருந்தா தொழில் நடக்காது.”

“சார், இவ மேல தப்பில்லை. யாரோ வேணும்னே இவ போர்டைக் கெடுக்கறாங்க. ஒரு வாரம் டைம் குடுங்க, ஆளைப் பிடிச்சுக் குடுக்கறேன்.”

“கெடுக்கறதா? இவ போர்டை எவன்மா கெடுக்கப் போறான்?” முதலாளி நாத்தனாரின் தட்டிலிருந்து ஒரு போர்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “பாரு, எல்லாம் செத்த மீன் கண்ணாட்டம் கிடக்கு. முப்பது வருஷம் இந்தக் கையால பத்தவச்சவன் நான், எனக்குத் தெரியாதா?”

அண்ணி வாயைத் திறப்பதற்குள், அவர் பெருமூச்சு விட்டபடி போர்டைக் கீழே வைத்தார்.

“சொல்லிக்காட்டக் கூடாதுன்னு இத்தனை நாளா இருந்தேன். உன் நாத்தனாராச்சேன்னு, தினமும் நீங்கல்லாம் சாப்பிடப் போனதும் இவளோட போர்டை மட்டும் நானே எடுத்து, இன்னொரு தடவை சூடு வச்சுப் பளபளன்னு ஆக்கிட்டு வரேன். அப்படியும் இந்தக் கதின்னா, நான் மட்டும் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு நீயே சொல்லு!”