மூக்குச் சாட்சி

பதினொன்று இருபதுக்கு மின்சாரம் போய் விசிறி நின்றது.

விசாரணை அறைக்குள் தண்ணீருக்கடியில் இருப்பது போல ஓர் அமைதி. ஜன்னலில் மலை பாதிதான் இருந்தது. மீதியை மேகம் எடுத்துக்கொண்டிருந்தது. போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பு ஒன்று வளைவில் தெரிந்தது. மறைந்தது. இன்னும் உயரத்தில் மறுபடி தெரிந்தது.

மருதாயி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நீட்டிய கை யாருடையதோ போல இருந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தோல் மெழுகாக வழவழத்தது. பத்து மாதமாக அதற்குச் சூடு தெரியாது. ஈரம் தெரியாது.

எஸ்டேட் முதலாளியின் வக்கீல் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“ஒங்க மூக்கப் பத்தி மலை பூராம் பேச்சா இருக்கேம்மா. கொஞ்சம் எங்களுக்கும் காட்டுங்க.”

யாரோ சிரித்தார்கள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலை நிமிர்ந்தார்.

வழக்கு அந்த மூக்கில்தான் நின்றது.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு வெடித்தது. கேஸ் குழாயில் பழைய கசிவு என்றார்கள் காயம்பட்ட பெண்கள் இருவரும். குழாயில் ஒரு கோளாறும் இல்லை, பற்ற வைக்கத் தெரியாமல் வைத்தார்கள் என்றது எஸ்டேட்.

நாலு நாளாகவே வாடை வந்தது என்று மருதாயியோடு காயம்பட்ட சுஜிதா முதலிலிருந்து சொல்லிவந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் பேச்சை மட்டும் வைத்து எடுபடாது என்றார் பெண்கள் தரப்பு வக்கீல் இனியவன்.

மருதாயி சொன்னால் எடுபடும். இருபத்திரண்டு வருடம் ஸ்டோரில் இருந்தவள். தட்டில் கிடப்பதில் நாலு காயை அள்ளி முகர்ந்து, எடுக்கலாமா, கிடக்கட்டுமா என்று சொல்லிவிடுவாள். கங்காணிகூட அவளைக் கேட்டுத்தான் அடுப்பை அணைப்பார்.

மருதாயியும் சொல்லிவிட்டாள். நாலு நாளும் தனக்கு வாடை வந்தது என்று.

அதற்குத்தான் இந்தப் பொட்டலம்.

“கண்ண மூடிக்கங்க.”

மூடினாள். இமைக்குள்ளும் மேகம் இறங்கியிருந்தது. அதற்கு அப்பால் எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது.

உள்ளங்கையில் காய் விழுந்திருக்க வேண்டும். விழுந்தது தெரியவில்லை. மடக்குங்கள் என்றார்கள். மடக்கினாள்.

மூடிய கையை மெல்ல முகத்தருகே கொண்டுபோனாள். மூக்குக்குக் கீழே ஒருமுறை அசைத்தாள். காய்கள் லேசாகக் கலகலத்தன. மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தினாள்.

“நல்லாக் காஞ்ச காய். மூடை கட்டிறலாம்.”

அடுத்த பொட்டலம். மறுபடி ஓர் அசைவு. மறுபடி ஒரு நீண்ட மூச்சு.

“இது எந்த அவசரக்காரன் எறக்குனது? இன்னும் நாலு மணி நேரம் கெடக்கணும்.”

அதிகாரி அந்தக் காய்களில் ஒன்றை வாங்கி நகத்தால் பிளந்தார். விரலில் ஈரம் பட்டது. அதைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். தாளில் பேனா நகரும் சத்தம்கூட அறை முழுக்கக் கேட்டது.

முதலாளியின் வக்கீல் தன் தாள்களை அடுக்கினார். இனியவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

மருதாயி பெஞ்சுக்குத் திரும்பினாள். கறுப்புக் கண்ணாடி போட்ட சுஜிதா நகர்ந்து இடம் கொடுத்தாள். அவளுடைய இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் பால் மாதிரி தெரிகிறது. இழப்பீடு வந்தால் மதுரையில் ஆபரேஷன். பார்வை வரலாம் என்றிருக்கிறார்கள்.

இனி இழப்பீடு வரும்.

அந்த நாலு நாளும் இப்படித்தான் மேகம். ஸ்டோர் வாசல் வரை வந்து, உள்ளே வரட்டுமா என்று கேட்பது போல நிற்கும். தினமும் சுஜிதா கேட்டாள், கேஸ் வாடை வருகிறதே அக்கா என்று. தினமும் மருதாயி அடுப்பைச் சுற்றி வந்தாள். நாலு மூலையிலும் நின்று மூச்சை இழுத்தாள்.

“ஒண்ணுமில்லடி. பத்த வை.”

நாலாம் நாளும் அதையேதான் சொன்னாள். சுஜிதா குனிந்து பற்ற வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கண்கட்டோடு படுத்திருந்த சுஜிதாதான் மருதாயியைத் தேற்றினாள். “அழுவாதக்கா. ஒன் மூக்குக்கே எட்டலன்னா வேற யாருக்கு எட்டும்?”

மருதாயிக்கு வாசனை கனவில் மட்டும்தான் வரும். ஊரெல்லாம் காய்ச்சலில் கிடந்த வருடத்திலிருந்து அப்படி. யாரிடமும் சொன்னதில்லை. கனவில் மலை முழுக்க மணக்கும். ஈர மண், ஏலப்பூ, ஜீப்பின் டீசல், மகள் தலையிலிருந்த எண்ணெய். அவள் அதற்குள் நடந்துகொண்டே இருப்பாள். விழித்தால் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

சுஜிதா பெஞ்சில் தடவி அவள் கையைத் தேடினாள். பிடித்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

உள்ளே ஒரு காய் மிச்சமிருந்தது. மருதாயிக்கு அது தெரியவில்லை.

சுஜிதா அதை எடுத்தாள். மூக்கருகே வைத்தாள். பிறகு காதருகே கொண்டுபோய் ஒருமுறை அசைத்தாள். விதை குலுங்கும் சத்தம் வரவில்லை. நிறுத்தி, இன்னொரு முறை அசைத்தாள்.

“அக்கா, மோந்து பாக்குறதுக்கு எதுக்குக்கா காய குலுக்குன?”