சுவரோரத்து ஆவி

குற்றாலத்து மலையடிவாரத் தைலக் கொட்டகையில், சாரலில் நனைந்த விறகு புகைகிறதே தவிர நன்றாக எரியவில்லை. பேராச்சி குழாய் வாயைப் பார்த்தபடி நிற்கிறாள். மதியத்திலிருந்து வெறும் தண்ணீர்தான் சொட்டுகிறது. போத்தலின் மேலே மஞ்சளாய் மிதக்க வேண்டிய புல்தைலம் நகக்கண் அளவுகூடத் திரளவில்லை. அவள் புருஷன் இசக்கியப்பன் அலுப்போடு, புல்லை அடைத்து ஆவியில் வேகவைக்கும் ஆளுயர அண்டாவின் மூடியை நெம்பித் திறக்கிறான். ஆவி முகத்திலடித்து விலகியதும் உள்ளே தெரிகிறது: சுவரையொட்டி வட்டமாகப் புல் வெந்து பழுத்திருக்கிறது, நடுவில் அறுத்த பச்சை அப்படியே இருக்கிறது.

“ஓரம் பூரா இளக்கமா கெடக்கு. ஆவி அதுவழியா ஓடிப்போயிருக்கு. மிதிச்சது நீதானட்டி?”

கோயிலைச் சுற்றுவதுபோல அண்டாவுக்குள் வலமாகச் சுற்றித்தான் இங்கே புல்லை மிதித்து இறுக்குவார்கள். சுவரோரம் விழுவது இடக்கால். காலையில் அந்தக் காலைப் பேராச்சி அழுத்தி ஊன்றவே இல்லை. அவன் பார்வை மெல்ல அவள் குதிகாலுக்கு இறங்குகிறது. வெடிப்பில் கட்டிய துணி சிவந்து கிடக்கிறது.

“சொன்னா என்னட்டி?”

“சொல்லிட்டா, யாரு மிதிப்பா?”

இருவரும் புல்லை வாரி வெளியே போட்டு, மறுபடி நிரப்புகிறார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறப்போனவளை அவன் தோளைத் தொட்டு நிறுத்துகிறான்.

“நீ தீயப் பாரு.”

சூடு தணியாத புல்மேல் அவனே சுற்றத் தொடங்குகிறான். சுவரோரம் அவன் இடக்கால் அழுந்தி இறங்கும்போதெல்லாம், அடுப்படியில் குந்தியிருக்கும் பேராச்சி தன் இடக்காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறாள்.