நடந்து வந்த பாறை

பனிமேல் பனி விழுந்து, அழுந்தி அழுந்தியே கட்டியாகி, தன் கனம் தானே தாங்காமல் மலையைவிட்டு நகர ஆரம்பித்தது ஒரு பனியாறு. போகிற வழியில் ஒரு பாறை முதுகில் ஏறிக்கொண்டது.

“கொஞ்சம் வேகமாத்தான் போயேன்” என்றது பாறை. யுகம் யுகமாக இதே பாட்டு.

மலையைச் செதுக்கிப் பள்ளத்தாக்கு உண்டாக்கியதிலேயே பனியாற்றுக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. கடைசியில், சமவெளி வெயிலில் கரைந்து, பாறையைப் புல்தரையில் பதமாக இறக்கி வைத்தது.

“அம்மாடி, அவ்வளவு உசரத்துலேருந்து எப்படிங்க வந்தீங்க?” என்றது புல்.

“நடந்துதான். துணைக்கு ஒரு பனியாறு வந்துச்சு. பாவம், தாக்குப்பிடிக்கல.”

பாறைக்கடியில் மிச்சமிருந்த ஈரத்துக்கு இது கேட்டது. மறுத்துப் பேசத் தெம்பில்லை.

‘எப்படியோ, முதுகைவிட்டு இறங்கிட்டான்’ என்று முனகிக்கொண்டே மண்ணுக்குள் போய்விட்டது.