கார் வென்றவர்

ரம்மி செயலியில் முதல்முறையாகப் பணம் கட்டப் போன இசக்கியப்பனின் விரல் பாதியில் நின்றது. 'நேற்று கார் வென்றவர்: மும்பை ராகேஷ்' என்ற வரிக்கு மேலே இசக்கியப்பனின் சொந்த முகமே சிரித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி, காதில் செல்போன். அவன் கல்யாணத்துக்கு நண்பர்கள் வைத்த பிளக்ஸில் இருந்த படம். பக்கத்தில் ஒட்டியிருந்த சிங்கத்தின் வாலைக்கூடப் படத்தைத் திருடியவர்கள் வெட்டவில்லை.

போனை மனைவி வனஜாவிடம் நீட்டினான்.

"கார் ஜெயிச்சிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"எனக்கே இப்பதான் தெரியும்."

சிரிப்பு அடங்காமலே செயலியை அழித்தான்.

சாயங்காலம் இருவரும் கோவிலுக்குக் கிளம்பினார்கள். கூட்டத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி டவுன் பஸ் வந்தது. வனஜா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏறுங்க ராகேஷ், நம்ம கார் வந்திருச்சு."