பதினேழாவது கொக்கி

முடிச்சு அவிழவில்லை.

உயிர்காப்பு ஜாக்கெட்டின் கிளிப் உடைந்து மாதக்கணக்காகிறது. அதனால் அவன் தங்கையின் கணவர் காலையில் நாடாக்களை இழுத்து இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தார். இப்போது அது நீரில் ஊறி இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுத்தால் தெரிந்துவிடும். அவன் பல்லால் கடித்து இழுத்தான்.

விசைப்படகு நீர்த்தேக்கத்தின் நடுவில் மெல்ல ஆடியது. கரையில் யாராவது நின்றிருந்தால், அவர் மார்பில் அவன் காது வைத்துக் கேட்பதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

தூண்டில் போட வருகிறவர்களுக்குப் படகும் ஜாக்கெட்டும் கொடுத்து வாங்குவது அவன் வேலை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் கல்லைக் கட்டி நீரில் போட்டு, மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் எல்லா மாதமும் டிக் இருந்தது. கல் ஒரு மாதமும் கட்டப்படவில்லை.

படகின் பலகை குத்துகிறது என்று ஜாக்கெட்டைப் போட்டு அதன்மேல் உட்காருவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். அவனுக்கும்தான். உள்ளே இருந்த நுரை நசுங்கிச் செத்திருந்தது.

"என்ன மச்சான், உக்காந்து உக்காந்து பாயாட்டம் ஆக்கி வெச்சிருக்கீங்க?" என்று காலையில் அவர் சிரித்தார்.

சிரித்த கையோடு மாடி அறையைப் பற்றியும் கேட்டார். அப்பா கட்டிய வீடு. பாதி தங்கைக்கு. ஆனால் கீழ் வீடு, மாடி இரண்டும் அவன் கையில்தான் இருந்தன. பார்க்கலாம் என்றான். மூன்று வருடமாக அதைத்தான் சொல்கிறான்.

படகில் உட்கார்ந்ததும் அவர் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"மேலிடத்து உத்தரவு" என்று கண்ணடித்தார். பிறகுதான் துடுப்பைத் தொட்டார்.

பதினொரு மணிக்குக் காற்று எழுந்தது. படகு கவிழ்ந்தது. அவன் விசைப்படகில் போய்ச் சேர்ந்தபோது, அவர் நீருக்கு ஒரு முழம் கீழே நின்றுகொண்டிருந்தார். ஜாக்கெட் அவரை மிதக்கவும் விடவில்லை, மூழ்கவும் விடவில்லை.

ஜாக்கெட்டோடு கரைக்குக் கொண்டுவந்தால் சிறைக்குப் போவது அவன். ஜாக்கெட் இல்லாமல் கொண்டுவந்தால் தப்பு செத்தவருடையது.

முடிச்சு அவிழ்ந்தது.

கொட்டகையில் பதினேழாவது கொக்கியில் அதை மாட்டினான். வரிசையில் அது ஒன்றுதான் ஈரம். வாளியில் நீர் மொண்டுவந்து மற்ற முப்பத்தொன்பதின்மேலும் ஊற்றினான்.

இன்ஸ்பெக்டர் வந்து எண்ணினார். நாற்பது கொக்கி, நாற்பது ஜாக்கெட்.

தங்கை வேலையிடத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கணவரின் காதிலிருந்து வழிந்த நீரைக் கைக்குட்டையால் துடைத்தாள். அழவில்லை.

"ஜாக்கெட் குடுக்கலையாண்ணே?"

"குடுத்தேன்மா. புழுங்குது, வேணாம்னு கொக்கியிலயே மாட்டிட்டாரு. சொன்னா கேக்குற ஆளா?"

"எனக்குத் தலை சுத்துது. சார்கிட்ட திரும்பச் சொல்லு."

சொன்னான். இன்ஸ்பெக்டர் எழுதினார்.

"ஒரு தடவ வாசிங்க சார்" என்றாள் தங்கை.

வாசித்தார். அவன் கையெழுத்துப் போட்டான்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை நோக்கி நடந்தார். கொட்டகையில் அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள். நாற்பது ஜாக்கெட்டிலிருந்தும் நீர் சொட்டியது.

"நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. நான் இருக்கேன்." அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "மாடியக் காலி பண்ணித் தர்றேன். வந்து இரு."

அவள் பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள்.

அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். ஜாக்கெட் போட்டுப் படகில் உட்கார்ந்து ஒரு படம் அனுப்பாமல் அவர் கரையை விட்டு நகரக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அது அவர்கள் வீட்டுச் சட்டம்.

திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே இரட்டை முடிச்சு. மார்பில் 17. ஓரத்தில், இன்றைய தேதியும் காலை எட்டு பத்து என்ற நேரமும்.

அவன் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"மாடிக்கு நீ போ" என்றாள்.